சித்திரைக் கஞ்சியும் வைகாசிக் கஞ்சியும்

மாசிப்பனி விட்டதும் இலங்கையின் வடக்கே வன்னியில் முதலில் நிறம் மாறுவது இலுப்பைதான். பழைய இலையைக் கொட்டிவிட்டுச் செம்புநிறத்தில் தளிர்க்கும். பங்குனியில் அதன் பூ விடியப்புறம் உதிர்ந்து நிலமெல்லாம் கிடக்கும். வௌவால் தின்றது போக மிச்சத்தைக் கூட்டி அள்ளலாம். அதே கிழமைகளில் வேம்பும் பூக்கும். மாரிமழையில் விதைத்த காலபோக நெல்லின் அருவிவெட்டு முடிந்து வயலில் ஒட்டு மட்டும் நிற்கும். இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் கோடைச் சிறுபோகம் செய்யலாம் என்று கூட்டம் கூடிப் பங்கு பிரிப்பார்கள். அந்தக் குளத்தின் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. சிறுபோகத்துக்கு அதில் ஒரு பகுதிதான் விதைக்கலாம். எந்த வாய்க்காலுக்கு, எவருடைய காணிக்கு என்ற பேச்சு அங்கேயே சூடேறிவிடும். கொன்றை பூப்பது அதற்குப் பிறகு.

இந்தப் பருவத்தில் கஞ்சிக் கிடாரம் இரண்டு தரம் அடுப்பேறும். சித்திரைப் பூரணையில் ஒரு தரம். வைகாசி பிறந்த சில நாளில், மே 18ஐ ஒட்டி, இன்னொரு தரம். முதலாவது தாய்க்கு. இரண்டாவது, 2009இல் போரின் கடைசி நாள்களில் கஞ்சியே உணவாயிருந்த முள்ளிவாய்க்காலில் போன எல்லோருக்கும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. எது எதற்கு, எப்படிக் காய்ச்சுவது, எங்கே பிழைக்கும் என்பதை எழுதி வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. 2009இல் பிறந்த பிள்ளைகள் மீசை அரும்பி நிற்கிறார்கள். அந்தக் கஞ்சியைக் காய்ச்சி ஊற்றிய கைகளில் பல இப்போது நடுங்குகின்றன.

முதலில் துக்கவீட்டுக் கணக்கு. காடாத்து, எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பிறகு மாசியம், வருட முடிவில் ஆட்டத்திவசம். அந்தியேட்டியோடு துடக்குக் கழிந்தாலும் ஆட்டை முடியும்வரை வீட்டில் கொண்டாட்டம் இல்லை. ஆகவே ஆட்டைக்குள் வருகிற சித்திரை வருடப்பிறப்புக்கு முற்றத்தில் பொங்கல் வைக்கமாட்டார்கள், புது உடுப்பு எடுக்கமாட்டார்கள். பலகாரம் இனசனம் கொண்டுவந்து கொடுக்கும். மருத்துநீரையும் விட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. விடத் தேவையில்லை என்பதே என் எண்ணம். அது தலைக்கு வைக்கிற மருந்து. துக்கக்காரருக்கு அது இன்னும் கூடத் தேவை.

திவசம் ஆங்கிலத் திகதிக்கு வராது. தமிழ் மாதம், பக்கம், திதி மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2009 மே மாதத்தையே எடுப்போம். 9ஆம் திகதி பூரணை, 24ஆம் திகதி அமாவாசை. ஆகவே 18ஆம் திகதி சாவுகளெல்லாம் வைகாசி அபரபக்கத்தில், அதாவது தேய்பிறையில், விழுகின்றன. அடுத்த வருடம் அதே திதி வேறு ஆங்கிலத் திகதியில் வரும். இதனால்தான் ஒரே சாவுக்கு இரண்டு நாள் இருக்கிறது. திதியில் வருவது வீட்டுக்குரியது. ஐயரோ சைவக்குருக்களோ வந்து, வாழையிலையில் படைத்து, காகத்துக்கு வைத்து முடிப்பது. மே 18 ஊருக்குரியது. ஒன்றைச் செய்துவிட்டோமென்று மற்றதை விட வேண்டியதில்லை. இரண்டு பஞ்சாங்கத்தையும் புரட்டிக் குழம்பவும் வேண்டாம். வாக்கியமும் திருக்கணிதமும் திதி தொடங்கும் நேரத்தில் வேறுபடும். குடும்பம் வழக்கமாகப் பார்ப்பது எதுவோ அதிலேயே நிற்கட்டும். செத்த நேரம் தெரியுமானால் அதையும் குறித்து வையுங்கள். திதி நடுப்பகலிலும் மாறும், நடுச்சாமத்திலும் மாறும்.

திதியே தெரியாதவர்கள் என்ன செய்வது? அதற்குத்தான் நம்மிடம் இரண்டு பொது நாள் உண்டு. தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரைப் பூரணை. தாயை இழந்தவர்கள் அன்று விரதம் இருப்பார்கள். கோயில்களில் யமனுக்குக் கணக்கெழுதுகிற சித்திரபுத்திரனாரின் கதை படித்து முடிந்ததும் கஞ்சி ஊற்றுவார்கள். கணக்கெழுதுகிறவரின் கதை படிக்கிற நாளில் பிள்ளைகள் தாய்க்குப் பட்ட கடனை நினைப்பது பொருத்தமான ஏற்பாடு.

சித்திரைக் கஞ்சி தேங்காய்ப்பால் கஞ்சி. இருபது பேருக்கு அரைக் கிலோ சிவப்புப் பச்சையரிசி, ஒரு பிடி வறுத்த பயறு, ஐந்தரை லீற்றர் தண்ணீர், இரண்டு தேங்காய். அரிசியும் பயறும் குழைந்த பிறகு இரண்டாம் பாலை விட்டு ஒரு கொதி வரவிட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும். முதற்பாலைத் தணலிலிருந்து இறக்கிய பின்தான் விடலாம். கொதிக்கக் கொதிக்க விட்டால் பால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். அதைத் திருப்பிச் சேர்க்க ஒரு வழியும் இல்லை. உப்பு கடைசியில். வெயிற்காலத்தில் இந்தக் கஞ்சி நாலு மணித்தியாலம் தாங்கினாலே பெரிது. காலைக் கதைக்கு இரவே காய்ச்சி வைப்பது பிழை.

பருவத்தின் இன்னொரு வேலை வேப்பம்பூ. மரத்தின் கீழ் பின்னேரம் சாக்கை விரித்துவிட்டால் காலையில் பூ உதிர்ந்து கிடக்கும். சுளகில் புடைத்துக் காம்பும் பூச்சியும் நீக்கி ஒரு நாள் காயவைத்து, உழுந்து அரைத்த மாவோடு செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், பெருஞ்சீரகம், உப்புச் சேர்த்து வடகம் தட்டலாம். உழுந்து மாவில் தண்ணீர் கூடினால் உள்ளே காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று நாலு நாள் நல்ல வெயில் வேண்டும். விரதச் சோற்றுக்கும் திவசச் சமையலுக்கும் அந்தக் கைப்பு வேண்டியிருக்கும்.

திதி தெரியாதவர்களைப் பற்றிச் சொன்னேன். செத்தாரா இல்லையா என்பதே தெரியாதவர்களுக்கு என்ன நாள்? 2011 சனவரியில் அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தற் கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபரில் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தின் பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679. முதல் எண் அரச பக்கத்துப் பதிவிலிருந்தும் இரண்டாவது ஐ.நா.வின் 2009 யூலைக் கணக்கிலிருந்தும் எடுத்தவை. அவர்களுக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். இறந்தவர்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு அதே ஆண்டு எழுதியது. ஆயர் 2021 ஏப்ரல் 1இல் இறைவனடி சேர்ந்தார். அவருடைய கழித்தலுக்கு விடை இன்னும் வரவில்லை.

சடலம் இல்லாதவருக்குத் தர்ப்பையில் உருச் செய்து கிரியை முடிக்கச் சைவத்தில் முறை உண்டு. பல தாய்மார் அதற்கு உடன்படமாட்டார்கள். கிரியை செய்தால் செத்ததாக ஆகிவிடும். கடதாசியிலும் அதே முடிச்சுத்தான். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போய் ஓராண்டு கடந்தவருக்கு மரணப் பதிவு எடுக்க இடம் கொடுத்தது. எடுத்தால் உதவிப்பணம் வரும், காணி மாறும். ஆனால் எங்கே என்ற கேள்வி தன் கையெழுத்தாலேயே மூடப்பட்டதாகிவிடுமே என்று பெண்கள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. 2016இல் வந்த திருத்தம் காணப்படாமைச் சான்றிதழ் என்ற இன்னொரு கடதாசியைக் கொண்டுவந்தது. ஆள் இறந்தார் என்று அது சொல்லாது. காணவில்லை என்று மட்டும் சொல்லும். அதை வைத்துக் காணி, சொத்து விடயங்களைக் கவனிக்கவும் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கவும் முடியும். மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்கள் இதையாவது எடுத்து வைப்பது நல்லது. போராட்டத்தை விட்டுக்கொடுத்ததாக அதற்கு அர்த்தம் இல்லை.

எந்த வழிக்குப் போனாலும் ஒரு தாளில் இவற்றை எழுதி வைக்க வேண்டும்: முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, கடைசியாகக் கண்ட இடமும் திகதியும் நேரமும், அப்போது கூட நின்றவர்கள், உடுத்திருந்த உடுப்பு, பல்லிலும் எலும்பிலும் இருந்த பழைய காயங்கள். உடுப்பையும் காயத்தையும் பலர் விட்டுவிடுகிறார்கள். 2023 யூன் கடைசியில் முல்லைத்தீவுக் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. அகழ்வு முடியும்போது 52 பேரின் எச்சங்கள். அப்படியொரு குழியில் ஆளை அடையாளம் காணத் துணியும் பல்லும் முறிந்து பொருந்திய எலும்புமே உதவும். முறைப்பாட்டு இலக்கங்கள், பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து மூன்று வீடுகளில் வையுங்கள். றங்குப்பெட்டிக்கு அடியில் வைத்தால் கறையான் கொண்டுபோய்விடும்.

காணி உறுதிக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். 2025 மார்ச் 28இல், வருடப்பிறப்புக்கு இரண்டு கிழமை இருக்கையில், வடக்கில் 5,940 ஏக்கருக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் வரவேண்டும் என்று வர்த்தமானி வந்தது. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதில் அடக்கம். எத்தனையோ இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள், உறுதிக்காரரையே தொலைத்தவர்கள், மூன்று மாதத்தில் எதைக் காட்டுவது? உயர்நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது, அரசாங்கமும் கைவிட்டது. ஆனாலும் எந்தக் கடதாசி எப்போது கேட்கப்படும் என்பதை அந்தப் பங்குனி நன்றாகவே காட்டித் தந்தது.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமற்போன உறவுகளைத் தேடுகிறவர்கள் தொடர் போராட்டமாக உட்கார்ந்தது 2017 பெப்ரவரி 20இல். அதுவும் மாசிதான், இலுப்பை தளிர்க்கிற நேரம். அங்கே இருந்த தாய் தகப்பன்மார் பலர் விடை தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

இனி வைகாசிக் கஞ்சி.

இதில் மூன்று பொருள்தான். அரிசி, தண்ணீர், உப்பு. மாசி பங்குனியில் தேங்காய் கிடைத்த இடங்களில் பாலும் விட்டுக் காய்ச்சினார்கள் என்பது உண்மை. கடைசிக் கிழமைகளில் அது இல்லை. காயமடைந்தவர்களை ஏற்றிப் போய், கொஞ்ச உணவை இறக்கிய செஞ்சிலுவைக் கப்பல் பெப்ரவரி 10 தொடக்கம் மே 9 வரை வந்து நின்றுபோனது. ஏன் சோறாக்காமல் கஞ்சியாக்கினார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். சோறாக்கினால் ஒரு கிலோ அரிசி எட்டுப் பத்துப் பேருக்குத்தான் காணும். கஞ்சியாக்கினால் நாற்பது பேரின் சிரட்டை நிறையும். ஒரு கிடாரம், ஒரு நெருப்பு, கறி தேவையில்லை, பங்கருக்குள் இருந்தபடியே குடிக்கலாம். அது பசிக்குப் போட்ட கணக்கு.

அதனால்தான் இப்போது சில இடங்களில் வைகாசிக் கஞ்சிக்குள் தேங்காய்ப்பாலும் மரக்கறியும் விழுவதைக் காண மனம் ஒப்பவில்லை. ருசியாக இருக்கும், பிள்ளைகள் விரும்பிக் குடிப்பார்கள், சரி. ஆனால் சித்திரைக் கஞ்சியை ஒரு மாதத்துக்கு முன் குடித்த பிள்ளை இதைக் குடித்துவிட்டு, “இதுக்கு ஏன் பால் விடேல்லை?” என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வந்தால்தான் கதையைச் சொல்லலாம்.

நூறு பேருக்கு, ஆளுக்கு ஒரு சிரட்டை, கால் லீற்றர் என்று வைத்தால் இருபத்தைந்து லீற்றர் கஞ்சி வேண்டும். இரண்டரைக் கிலோ அரிசியும் இருபத்தேழு லீற்றர் தண்ணீரும் போதும். அரிசி கொஞ்சம் ஊதும், ஆவியில் மூன்று நாலு லீற்றர் போகும். கிடாரம் நாற்பது லீற்றர் பிடிக்க வேண்டும். முக்கால்வாசிக்கு மேல் நிரம்பினால் நுரை பொங்கி வழிந்து நெருப்பை அணைக்கும். பச்சையரிசி சீக்கிரம் குழையும், கஞ்சியும் தடிக்கும், ஆனால் அடிப்பிடிக்கும். புழுங்கலரிசி அடிப்பிடிப்பது குறைவு; குழைய நேரம் எடுக்கும், தண்ணீரும் அரிசியும் பிரிந்து நிற்கும். பாதி குறுணல் கலந்தால் விறகு மிச்சம். அரிசியை இரண்டு தண்ணீரில் கழுவினால் போதும்.

தண்ணீரை முதலில் சுவைத்துப் பாருங்கள். கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர். நல்ல தண்ணீருக்கு இருபத்தைந்து லீற்றருக்கு இருநூறு கிராம் உப்பு அளவாக இருக்கும். உவர்த்தண்ணீருக்கு நூறோடு நிறுத்திக்கொண்டு, அரிசி வெந்த பிறகு நாக்கில் வைத்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். கூடின உப்பைத் தண்ணீர் விட்டுக் குறைக்கப் போனால் கஞ்சி நீர்த்து, அளவும் குழம்பிவிடும்.

வைகாசியில் தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்பும். அடுப்பு வாய் தென்மேற்கைப் பார்த்தால் காற்றே விசிறி ஆகி ஒரு பக்கம் மட்டும் எரியும், அந்தப் பக்கம் அடிப்பிடிக்கும். வாயை எதிர்ப்பக்கம் வைத்து, காற்று வரும் பக்கத்தைத் தகரத்தால் மறையுங்கள். தென்னம்மட்டையும் பனைமட்டையும் கொதி வரும்வரைக்கும் நல்லவை. கொதித்த பிறகு கனமான கட்டை விறகு, அதுவும் தணலாக. தண்ணீர் கொதித்த பிறகே அரிசியைப் போட வேண்டும். பச்சைத்தண்ணீரில் போட்டால் அரிசி அடியில் படிந்து ஒட்டிக்கொள்ளும். கொதி வர முக்கால் மணித்தியாலம், குழைய இன்னொரு மணித்தியாலம். ஆகவே ஊற்றுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னரே நெருப்பு வைக்க வேண்டும். கடைசி இருபது நிமிடம் அகப்பையை வைத்துவிட்டு எங்கும் போகக் கூடாது. கிடாரத்தின் அடியைத் தொட்டுக் கிண்ட வேண்டும். மேலால் கிண்டுவது கிண்டாததற்குச் சமம். கருகின மணம் வந்தால் உடனே கிண்டலை நிறுத்தி, மேற்கஞ்சியை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடியைச் சுரண்டினால் முழுக் கிடாரமும் அந்த மணமாகிவிடும். கஞ்சி ஆற ஆறத் தடிக்கும். பக்கத்து அடுப்பில் நாலு லீற்றர் வெந்நீர் எப்போதும் இருக்கட்டும். இளக்குவதற்குப் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் வயிற்றைக் கெடுக்கும்.

சிரட்டை: மூன்று கண் உள்ள பாதியை எடுக்காதீர்கள், மெல்லிய கண் ஒழுகும். மற்றப் பாதியின் தும்பைச் சுரண்டி, ஓரத்தைக் கல்லில் தேய்த்து மழுக்கி, ஒரு இரவு ஊறவைத்து, வெந்நீரில் அவித்துக் காயவைக்க வேண்டும். ஓரம் மழுக்காத சிரட்டை குழந்தைகளின் உதட்டைக் கிழிக்கும். பிளாஸ்ரிக் கோப்பை வேண்டவே வேண்டாம், கொதிகஞ்சிக்கு நெளியும். சிரட்டை சூட்டைக் கைக்கு விடாது.

வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009 ஏப்ரல் 8இல், வருடப்பிறப்புக்கு ஆறு நாள் இருக்க, அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற பெண்கள் மீதும் குழந்தைகள் மீதும் எறிகணை விழுந்தது. ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையில் அது பதிவாகியிருக்கிறது. அப்படி வரிசையில் நின்று பிழைத்தவர்களை இன்று மறுபடி வெயிலில் வரிசையில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதியவர்களையும் காயக்காரரையும் நிழலில் இருத்திக் கொண்டுபோய்க் கொடுங்கள். கஞ்சி முதலில், பேச்சுப் பிறகு. கட்சிக்காரர் வரட்டும், மற்றவர்களோடு சேர்ந்து சிரட்டையை வாங்கட்டும். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் கிடாரத்தை வைக்கக் கூடாது.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது முழுவதையும் சொல்லுங்கள். அரசு பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலேயே எறிகணை விழுந்தது, மருத்துவமனைகள் தாக்கப்பட்டன. புலிகள் மக்களை வெளியேற விடவில்லை, பிள்ளைகளைப் பிடித்துக் களத்துக்கு அனுப்பினார்கள். இரண்டும் அதே அறிக்கையில் இருக்கின்றன, இரண்டும் வன்னிச் சனத்துக்குத் தெரிந்தவை. 1990 ஒக்ரோபரில் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம் சனத்தில் திரும்பி வந்தவர்கள் முல்லைத்தீவு நீராவிப்பிட்டியில் நோன்புக்கஞ்சி காய்ச்சுகிறார்கள். சில வருடங்களாக நோன்பும் பங்குனியை ஒட்டியே வருகிறது. அந்தக் கஞ்சியின் கதையும் இந்த மண்ணின் கதைதான்.

கஞ்சிக்குக் காவல்துறையும் வந்திருக்கிறது. 2024 மேயில் திருகோணமலைச் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்கள் கைதானார்கள். 2021 மேயில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடிரவாகச் சேதமாக்கப்பட்டது. தூபியை உடைக்கலாம், மைதானத்துக்குத் தடை வாங்கலாம். ஆகவே பொதுக் கிடாரத்தோடு நின்றுவிடாமல் அன்று ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் ஒரு சின்னப் பானை ஏறுவது முக்கியம். நாலு பேருக்கு நூறு கிராம் அரிசி, ஒன்றேகால் லீற்றர் தண்ணீர், எட்டுக் கிராம் உப்பு. அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்களில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் வரும். சிலாவத்தைக் கடலில் அள்ளிய தண்ணீரில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் ஒரு கிழமை விளக்கெரிப்பார்கள். போர் முடிகையில் நந்திக்கடல் களப்பைத் தாண்டி வந்த சனம் அந்தக் கரைக்கே மறுபடி நேர்த்திக்கு வருகிறது. பாலைப்பழம் பழுக்கத் தொடங்கியிருக்கும். கிடாரத்தை அதற்குள் சாம்பலும் புளியும் போட்டு விளக்கி வெயிலில் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

காணாமற்போனவர் உள்ள வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று. படைக்கச் சொல்லி எவரையும் நெருக்காதீர்கள், அந்தச் சொல்லையே அங்கே எடுக்காதீர்கள். மகனுக்கென்று ஒரு சிரட்டை ஊற்றி மூடி வைக்கத் தாய் விரும்பினால் வைக்கட்டும். பொழுதுபடமுன் வீட்டில் ஒருவர் அதைக் குடித்துவிட வேண்டும். ஆறு மணித்தியாலம் தாண்டினால் புளித்துவிடும்.